பாட்டி ஏழையா, பாட்டி இருக்கும் வீடு ஏழையா?

முதியவர்களில் எத்தனை சதவீதம் ஏழை, குழந்தைகளில் எத்தனை சதவீதம் ஏழை என்று கேட்டால் உடனே ஒரு எண் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நம் நாட்டில் வறுமையைக் கணக்கிடுபவர்கள் பாட்டியைப் பார்ப்பதில்லை, வீட்டைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒரு முத்திரை, அதுவே உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும். வயதுவாரியாகப் பிரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு வகுத்த முறைப்படி 2011-12இல் கிராமத்து வறுமைக்கோடு தலைக்கு மாதம் 816 ரூபாய் செலவு. ஐந்து பேர் உள்ள வீட்டில் 4,500 ரூபாய் செலவானால் தலைக்கு 900. ஐவருமே கோட்டுக்கு மேலே. அந்தப் பணத்தில் கைக்குழந்தையின் பாலுக்கு எவ்வளவு போனது, பாட்டியின் மருந்துக்கு எவ்வளவு போனது என்று யாரும் கேட்பதில்லை. தனியாக இருக்கும் ஒரு விதவை 900 ரூபாய் செலவழித்தால் அவரும் கோட்டுக்கு மேலேதான். ஆனால் வாடகை, கரண்ட், அடுப்பு எல்லாம் அவர் ஒருவர் தலையில். பொருளாதார ஆய்வாளர்கள் ஜீன் டிரேஸும் பி.வி. சீனிவாசனும் 1997இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் விதவைகளின் குடும்பங்களுக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கூடி வாழ்வதில் மிச்சமாகும் செலவைக் கொஞ்சம் கணக்கில் சேர்த்தாலே, விதவைகளின் வறுமை வெளியே தெரிந்துவிடுகிறது.

சரி, சென்சஸ் இருக்கிறதே என்பீர்கள். சென்சஸில் வருமானமும் கேட்பதில்லை, செலவும் கேட்பதில்லை. ஆனாலும் அதில் நிறைய இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின் முதல் சுற்றில் கூரை, சுவர், தண்ணீர், கழிப்பறை, அடுப்பு, டிவி, ஸ்கூட்டர் எல்லாம் எழுதினார்கள். வீட்டில் இருப்பவர்களின் வயதை எழுதவில்லை. வயது, திருமணம், வேலை, படிப்பு எல்லாம் இரண்டாவது சுற்றில் வந்தன. கூரைக்கு ஒரு அட்டவணை, வயதுக்கு வேறு அட்டவணை. தமிழ்நாட்டில் அப்போது 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 75 லட்சம் பேர். அவர்களில் தனியாக வாழும் பெண்கள் எத்தனை பேர் விறகடுப்பில் சமைத்தார்கள்? இரண்டையும் சேர்த்தால்தானே தெரியும்.

வயதிலும் ஒரு சிக்கல் உண்டு. "ஒரு அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும்" என்பார்கள், எழுதுபவர் 60 என்று போட்டுவிடுவார். 0, 5 என்று முடியும் வயதுகளில் மட்டும் கூட்டம் குவியும். 60 வயதில்தான் முதியோர் உதவித்தொகைக்கான தகுதி தொடங்குகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். மகனுடையது மாடி வீடு, வாசலில் கார் நிற்கும். பாட்டிக்குப் பின்கட்டில் ஒரு அறை, தனி அடுப்பு, ரேஷன் அரிசி. பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார், அட்டை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதாம். உதவித்தொகைக்கு மனு போட்டார். "அதான் மகன் இருக்காரே" என்று திருப்பிவிட்டார்கள். சென்சஸுக்குத் தனியாக நடந்த 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில், 16 முதல் 59 வயதுக்குள் ஒருவர்கூட இல்லாத வீடு என்பதை ஏழ்மையின் அடையாளங்களில் ஒன்றாக வைத்தார்கள். நல்ல யோசனைதான், மனதார வரவேற்கிறேன். மகன் வீட்டோடு சேர்த்து எழுதிவிட்டால் அதிலும் இந்தப் பாட்டி வர மாட்டார். மகனுக்கு வயது 50.

2027 சென்சஸ் டிஜிட்டலாக நடக்கப்போகிறது. இரண்டு சுற்றுகளையும் இணைத்து, பெயர் விவரங்களை நீக்கி, வயதுவாரியான அட்டவணைகளாக வெளியிட வேண்டும். வீட்டு நிலவரத்தோடு ஒவ்வொரு வயதினரையும் சேர்த்துப் பார்க்க அதைவிடப் பெரிய தரவு நம்மிடம் கிடையாது. வறுமையைக் கணக்கிட வீட்டுச் செலவைக் கேட்கும் கணக்கெடுப்பிலும், மருந்து, துணி, கைச்செலவு இந்த மூன்றையாவது ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சென்சஸ் விதிப்படி குடும்பம் என்றால் பொதுவான ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். தனியாகப் பொங்கித் தின்னும் பாட்டி, ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் தனிக் குடும்பம். கணக்கெடுப்பவர் வாசலில் வந்து கேட்கும்போது "எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்" என்று பதில் சொல்வது மகன்தான். 2027 பிப்ரவரியில் தலையெண்ண வரும்போது பின்கட்டு அடுப்பையும் சொல்லுங்கள். வருகிறவர்களும் பாட்டியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.