ஷூவை முதலில் எடுத்துப் பாருங்கள்

பல வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டு மறுபடி அலுவலகம் போகிறவர்களுக்கு உங்கள் கட்டுரையில் சொன்னபடி சீக்கிரம் தூங்கிப் பழகுவது, புதுச் சட்டை எடுப்பது எல்லாம் சரிதான். ஆனால் ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது ரேக்கில் வைத்த கறுப்பு ஷூவைப் போன மாதம்தான் வெளியே எடுத்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அலுவலக வாசலிலிருந்து லிஃப்ட்டுக்குப் போவதற்குள் சோல் ரொட்டி மாதிரி பொடிந்து, வெள்ளைத் தரையில் கறுப்புக் கோலம் போட்டுவிட்டது. செக்யூரிட்டி அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைப்பத்தோடு வந்தார். பாலியூரித்தேன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்த சோல் என்றால் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே இற்றுப்போகும். சென்னைக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்!

அப்புறம் வழி. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறவன் நான். பழைய கணக்கை நம்பிக் கிளம்பினால் ஏமாந்தீர்கள். மெட்ரோ வேலைக்காகச் சாலையை அங்கங்கே மறித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை போகவேண்டுமென்றால், முந்தைய வாரமே ஒருநாள் காலை எட்டரைக்குச் சும்மா ஒருமுறை போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துப் பிரயோஜனமில்லை. பைக்கில் போகிறவர்கள் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள், என்னுடையது செல்ஃப் எடுக்கவே இல்லை.