வேர்க்கடலை மாட்டுத் தீவனம் இல்லை

சனிக்கிழமையிலிருந்து பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தட்டின் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தம்பி, நான்கு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கொஞ்சம் மீல்மேக்கர் என்று தன் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். ஒரு ஜிம் பயிற்சியாளர் அதைத் தன் காணொளியில் காட்டி, "இது மாட்டுத் தீவனம். பவுடர் வாங்க வக்கில்லாதவன் எதற்கு ஜிம்முக்கு வருகிறான்?" என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் தம்பி படத்தை நீக்கிவிட்டான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உடம்பு ஏற்ற டப்பாவில் விற்கும் புரதப் பவுடர் கட்டாயம் இல்லை. மளிகைக் கடையில் கிடைப்பதே போதும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். எடை தூக்குபவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும் என்கின்றன ஆய்வுகள். 60 கிலோ பையனுக்கு 96 கிராம். நான்கு முட்டையில் 24. உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 26. வேர்க்கடலை 50 கிராமில் 12. அரை லிட்டர் பாலில் 16. மிச்சமிருக்கும் 18 கிராம், மூன்று வேளைச் சோறு, இட்லி, சாம்பாரிலேயே வந்துவிடும். எங்கள் தெருக் கடை விலையில் இந்த நான்குக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 70 ரூபாய் போல ஆகிறது. இதில் எது தீவனம்?

2014இல் திருச்சியில் விடுதியில் சேர்ந்தபோது நான் 49 கிலோ. மெஸ்ஸில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் முட்டை. அறைத் தோழன் சைவம் என்பதால் அவன் முட்டை எனக்கு வரும், என் வாழைப்பழம் அவனுக்குப் போகும். சாம்பார் ஊற்றும் அண்ணன் என் தட்டைக் கண்டால் மட்டும் வாளியின் அடிவரை கரண்டியை விட்டு, பருப்பாகப் பார்த்து அள்ளி ஊற்றுவார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊறிய பச்சைப்பயற்றைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். மறுநாள் அவிழ்த்தால் வெள்ளை முளை துணியின் இழைகளுக்குள் புகுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்துத் தின்றுகொண்டே வகுப்புக்கு ஓடுவேன். இரண்டு வருடத்தில் 61 கிலோ. ஒரு டப்பா பவுடர்கூட வாங்கவில்லை.

பவுடர் என்ன விஷமா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவே இல்லை. அதுவும் பெரும்பாலும் பாலிலிருந்து எடுப்பதுதான். பணம் இருப்பவர் குடிக்கட்டும், இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

மஞ்சள் கருவை எடுத்துவிட வேண்டாமா என்று சிலர் வருவார்கள். முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத மாணவன், காசு கொடுத்து வாங்கியதை ஏன் எறிய வேண்டும்? பச்சை முட்டையைக் குடிக்கும் பழக்கத்தை வேண்டுமானால் விடுங்கள். வேகவைத்ததில்தான் உடம்பில் சேரும் புரதம் அதிகம்.

பருப்புப் புரதம் முழுமையானது இல்லை என்பது இன்னொரு வாதம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறையும் மெத்தியோனைன் என்ற இன்னொரு கூறு அரிசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தானே நாம் சாப்பிடுகிறோம்?

அந்த 70 ரூபாயும் எல்லோரிடமும் இல்லையே என்று ஒரு தோழி கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பாலை விட்டுவிட்டு, ஊரிலிருந்து பொட்டுக்கடலை கொண்டுவரலாம், மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சுண்டல் கேட்கலாம். அதற்கும் வழியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் சத்துணவு முட்டையை நம்பி வந்த பிள்ளைகள்தான் கல்லூரிக்கும் வருகிறார்கள். அவர்களைப் பார்த்தா வக்கில்லாதவன் என்கிறீர்கள்?

உண்மையைச் சொல்கிறேன். புரதக் கணக்கு தப்பு என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. என் அப்பா திண்டிவனம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுபவர். மாதம் ஒருமுறை மஞ்சள் பையில் வறுத்த கடலையோடு பஸ் ஏறித் திருச்சிக்கு வருவார். அம்மா மணலில் வறுத்தது, மெல்லும்போது ஓரிரு மணல் பல்லில் நெறிபடும். வார்டன் அறை வாசலில் நின்றபடியே என் புஜத்தை அழுத்திப் பார்த்து, "தேறியிருக்கிறாய்" என்பார். உட்கார மாட்டார், அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கடலையைத்தான் அந்தப் பயிற்சியாளர் தீவனம் என்கிறார்.

தம்பி, உனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பார். இந்த வாரம் ஊரிலிருந்து கடலை வருகிறது. உனக்கு இரண்டு படி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.