ஐந்து மணிக்கு வரச் சொன்னால்

மே மாதத்தில் தெருப் பிள்ளைகளையும் நண்பர்களையும் வீட்டுக் கொல்லைக்குக் கூப்பிட்டு ஒரு சின்ன விருந்து வைப்பது அவ்வளவு பெரிய குற்றமா? மாலை ஐந்து மணி என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அக்னி நட்சத்திர வெயில், அதற்கு முன்னால் கொல்லையில் கால் வைக்க முடியாது. பிள்ளைகளோ மூன்றரைக்கே கேட்டில் தொங்குகிறார்கள். பெரியவர்கள் ஏழரைக்கு வந்து 'டிராஃபிக்' என்கிறார்கள். அடுத்த தெருவிலிருந்து நடந்து வர என்னய்யா டிராஃபிக்?

அதற்குள் ரோஸ்மில்க்கில் போட்ட ஐஸ் கரைந்து வெறும் சிவப்புத் தண்ணீர். சீவி வைத்த நுங்கில் ஈ மொய்க்கிறது.

எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டால் 'பார்க்கலாம்ங்க' என்று பதில். அதை வைத்து எத்தனை படி அரிசி போடுவது? வராதவர் ஒரு போன்கூடச் செய்யவில்லை. வந்தவர் ஊரிலிருந்து வந்த மச்சான் குடும்பத்தையும் சேர்த்தே கூட்டி வந்தார். (மச்சான் நல்ல மனிதர், அது வேறு விஷயம்.)

சில அம்மா அப்பாக்கள் ஸ்கூட்டியை அணைக்காமலே பிள்ளையை இறக்கிவிட்டுப் பறந்துவிட்டார்கள். அப்புறம் போனில், "அவனுக்குக் காரம் ஆகாதுங்க." அவன் அந்நேரம் உப்பு, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கடி கடித்துவிட்டு, திரும்பத் தட்டிலேயே அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கீற்றையும் விடவில்லை.