ஊசி பிடிக்கிறவர் மேடையில் உட்காரக் கூடாதா?

எங்கள் சங்கத்தில் ஒரு திருத்தத் தீர்மானம் சுற்றுக்கு வந்திருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளுக்கு நிலவியலிலோ விலங்கியலிலோ முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான் போட்டியிடலாமாம். அப்போதுதான் அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் நம்மை மதிக்குமாம். நான் இப்போதைய செயலாளர். நிலவியலில் முதுகலை முடித்தவன். ஆகவே இது எனக்கு வைத்த ஆப்பு இல்லை. இருந்தாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடப் போகிறேன். காரணத்தை வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினால் இடையில் நாலு பேர் காலை வணக்கப் படம் போட்டு மூடிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: நாங்கள் புதைபடிவ பிரிப்பரேட்டர்கள். களத்தில் கிடைக்கிற எலும்பையோ சிப்பியையோ கல்மரத்தையோ சேதமில்லாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, சுற்றியிருக்கிற கல்லை அகற்றி, விரிசலை ஒட்டி, ஆராய்ச்சியாளர் கையில் கொடுப்பது எங்கள் வேலை. இதற்கென்று தனிப் படிப்புப் படித்துவிட்டு வந்தவர் எங்களில் யாரும் இல்லை. பாதிப் பேர் தற்காலிக ஊழியர்கள். பணி ஆணையில் ஆய்வக உதவியாளர் என்று இருக்கும், திட்டப் பணியாளர் என்று இருக்கும், ஓரிரு இடங்களில் அட்டெண்டர் என்றும் இருக்கும்.

நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, “குமரிக்கண்டத்துக்கு ஆதாரம் ஏதாவது கிடைச்சுதா அண்ணாச்சி?” அடுத்தது, “நம்ம மலையில டைனோசர் கிடக்குமா?” இரண்டுக்கும் இல்லை என்றுதான் பதில். நம் மலைகளில் உள்ள சார்னோகைட் போன்ற பாறைகள் பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் வெந்து சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருமாறியவை. டைனோசர் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால். குமரி முனைக்குப் பக்கத்தில் கடலோரமாகச் சிப்பி கலந்த இளம் பாறைகள் உண்டு, அவ்வளவுதான். எலும்பு பார்க்க வேண்டுமென்றால் அரியலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஆனால் எலும்பு இல்லாத இந்த ஊரிலிருந்துதான் எங்கள் சங்கத்தின் ஆகச் சிறந்த கை வந்திருக்கிறது. மயிலாடிக்காரர். அப்பா சிற்பி, தாத்தா சிற்பி. பத்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போனவர், பிறகு ஏதோ ஒரு திட்டத்தில் தற்காலிக வேலையாக ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். பெயரைப் போட்டால் சங்கடப்படுவார், அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நுண்ணோக்கிக்குக் கீழே மண் ஒட்டிய ஒரு விலா எலும்புத் துண்டு. காற்றழுத்தத்தில் அதிர்கிற ஏர் ஸ்கிரைப் பேனாவை ஒதுக்கிவிட்டு, தையல் ஊசி மாதிரி ஒன்றைப் பிடியில் மாட்டிக்கொள்வார். எலும்புக்கு இணையாக ஊசியைச் சாய்த்து, ஒரு மணல் துகளை நெம்புவார். அது எகிறும். தூரிகையால் தட்டிவிட்டு அடுத்த துகள். நிறம் மாறுகிற இடத்தில் கை நின்றுவிடும். அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பசையை ஒரு சொட்டு விரிசலின் வாயில் வைப்பார், அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாசம் அறை முழுக்க இருக்கும். காய்கிறவரை தொட மாட்டார், போய் டீ குடித்துவிட்டு வருவார். ஒருமுறை நான் அவசரப்பட்டுக் கேட்டேன், கல் எங்கே முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று. “எலும்புக்க சத்தம் வேற மக்கா, கல்லுக்க சத்தம் வேற. சும்மா கெடந்து காதை வச்சுக் கேளு” என்றார். முதுகலையில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தீர்மானம் நிறைவேறினால் இந்த மனிதர் சங்கத்தில் சந்தா கட்டலாம், பயிற்சி கொடுக்கலாம், நாற்காலி எடுத்துப் போடலாம். தலைவராக நிற்க முடியாது.

இதெல்லாம் நியாயம் பேசுவது, காரியத்துக்கு ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, காரியமாகவே பேசுவோம். கல்லமேட்டுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பிரமாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். சுமார் 7 கோடி ஆண்டுப் பழமை. 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம், இடுப்பெலும்பு 1.2 மீட்டர். முதலில் ஊன் தின்னி என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி வகை என்று கருத்து மாறியது. அளவு சரியென்றால் உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்று நம் காவிரிப் படுகையில் நடந்திருக்கிறது. இல்லை, அது எலும்பே இல்லை, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. அந்த எலும்புகள் இன்று இல்லை. களத்தில் சுற்றிய பிளாஸ்டர் உறைக்குள்ளேயே உதிரத் தொடங்கி, போய்ச் சேருவதற்குள் பொடிந்துவிட்டன என்று 2017-இல் வெளியான ஒரு கட்டுரையில், அய்யாசாமியையும் ஆசிரியராகக் கொண்ட கட்டுரையில்தான், பதிவானது. மிஞ்சியவை படங்களும் வரைபடங்களும். 2022-இல் பழைய புகைப்படங்களை வெளியிட்டு அது டைனோசர்தான் என்று மறுபடி வாதாட வேண்டியிருந்தது.

இதில் அந்த இரண்டு விஞ்ஞானிகளையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஈரத்தில் ஊறிய நொறுங்கல் எலும்பு அது. தோண்டும்போதே கொஞ்சம் கொஞ்சமாக உலரவிட்டு, மெல்லிய பசையைத் திரும்பத் திரும்பக் குடிக்கவைத்து, நனைத்த காகிதத்தை மேலே போர்த்தி, அதற்குமேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணியைச் சுற்றி, உள்ளே ஆட்டமில்லாமல் கட்டைகொடுத்து, வண்டியில் ஏற்றி இறக்கிய அன்றே உறையைத் திறந்து பார்க்க வேண்டும். அது முழுநேர வேலை. ஆராய்ச்சியாளர் தன் வேலைக்கு நடுவே செய்கிற காரியம் இல்லை. களத்திலேயே நாலு கைதேர்ந்த பிரிப்பரேட்டர்கள் நிரந்தரமாக இருக்கிற ஏற்பாடு அன்று இருந்திருந்தால், உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஒரு எலும்பாவது மிஞ்சியிருக்கும் என்பது என் கணிப்பு.

அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவதுதான் சங்கத் தலைமையின் வேலை. அதைக் கேட்க, சாக்கையும் பிளாஸ்டரையும் கையால் தொட்டவர் வேண்டும். பட்டம் பெற்ற பலர் (நான் உள்பட) தலைமைக்கு வந்தால் என்ன செய்கிறோம்? கருத்தரங்கு நடத்துகிறோம், பொன்னாடை போடுகிறோம், குத்துவிளக்குப் பக்கத்தில் படம் எடுக்கிறோம். நம்ம மாவட்டத்தில் சங்கத்துக்குப் பஞ்சமே இல்லை. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளருக்கு உண்டு, முந்திரி ஆலைப் பெண்களுக்கு உண்டு, வள்ளக்காரர்களுக்கு உண்டு. அந்தச் சங்கங்களில் பால் வெட்டத் தெரியாதவர் பால்வெட்டுக் கூலியைப் பேசப் போனால் தோட்ட முதலாளி ஐந்து நிமிஷத்தில் மடக்கிவிடுவார். எங்கள் கதையும் அதேதான். நிர்வாகி ஒருவரிடம் இந்த எலும்பைச் சுத்தம் செய்ய எட்டு மாதம் ஆகும் என்று நான் சொன்னால் மூன்று மாதமாகப் பேரம் பேசுவார். அண்ணன் சொன்னபோது பேரம் நடக்கவில்லை.

செயலாளர் வேலை என்பது பெரும்பாலும் சில்லறை வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆசைப்பட்டு யாரும் ஏமாற வேண்டாம். பாராலாய்டு மணிகளை மொத்தமாக வாங்கிச் சின்னப் பொட்டலமாகக் கட்டி உறுப்பினர்களுக்கு அனுப்புவது. அசிட்டோனை கூரியர்காரன் தொட மாட்டான், தீப்பிடிக்கிற சாமான் என்பான், ஆகவே எந்த ஊரில் எந்தக் கடையில் நல்ல சரக்கு கிடைக்கும் என்று விசாரித்து வைப்பது. நம்ம கடற்கரை கார்னெட் மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிப் புதைபடிவத்தைச் சுத்தம் செய்யலாமா என்று வருகிற ஆர்வக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. செய்யக் கூடாது ஐயா. கார்னெட் எலும்பைவிடக் கடினம், கல்லோடு சேர்த்து எலும்பையும் தின்றுவிடும். சமையல் சோடாவோ டோலமைட் பொடியோ போதும். அப்புறம் சந்தா வசூல். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சில்லறை வேலைகளுக்கு நடுவே ஒன்றே ஒன்றுதான் எனக்கு உயிரான விஷயம்: வேலைச் சீட்டு. எந்தப் பசை, எத்தனை சதவீதம், எதில் கரைத்தது, எந்த இடத்தில் போட்டது, என்ன தேதி, யார் செய்தது. இந்த ஆறும் மாதிரியோடு கூடவே பெட்டிக்குள் போக வேண்டும். பி-72 ஆனால் எத்தனை வருஷம் கழித்தும் அசிட்டோனில் இளகிவிடும். ஃபெவிக்விக்கை ஊற்றியிருந்தால் பிரிப்பதற்குள் உயிர் போகும். எதைப் போட்டார்கள் என்றே தெரியாத பழைய எலும்பு கைக்கு வந்தால் ஒவ்வொரு கரைப்பானாகச் சொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தச் சீட்டில் ‘யார் செய்தது’ என்ற கட்டம்தான் எப்போதும் காலியாக வருகிறது. ஒரு நிறுவனத்தில் அண்ணன் மாதக்கணக்கில் உட்கார்ந்து வெளியே எடுத்த மாதிரியைப் பற்றிக் கட்டுரை வந்தது. விருந்தினர் விடுதி மேலாளருக்குக்கூட நன்றி இருந்தது, அண்ணன் பெயர் இல்லை. சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதினேன். தொழில்நுட்ப உதவியாளர்களைக் குறிப்பிடுவது வழக்கமில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். கடைசியில் காட்சிப் பெட்டியின் அட்டையில் பெயர் போட ஒப்புக்கொண்டார்கள். என் பதவிக்காலத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

‘வெறும் தொழில்நுட்ப உதவி’ என்கிறவர்களுக்கு இரண்டு செய்தி. குஜராத்தின் தோலி துங்ரியில் 1984-இல் நிலவியலாளர் மொகபே கண்டெடுத்த டைனோசர் கூட்டில் முட்டையைச் சுற்றிக் கிடந்தது பாம்பு என்று தெரிய வந்தது 2001-இல். கல்லை முழுக்க அகற்றுவதற்கு அதை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அங்கே கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேலை நடந்தது. சனாஜே என்று பெயரிட்டுக் கட்டுரை வந்தது 2010-இல். இன்னொன்று, ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் நிலவியலாளர் ரங்கா ராவ் சேகரித்த கற்கள். அவர் இறந்து பல வருஷம் கழித்து அவர் மனைவி அவற்றைத் தெவிசன் என்ற ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் கை தவறி ஒரு மண்டையோடு உடைய, உள்ளே திமிங்கிலங்களுக்கே உரிய காதெலும்பு அமைப்பு தெரிந்தது. திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு, மான்குட்டி மாதிரி குளம்பு வைத்த ஒரு சின்னப் பிராணி என்று 2007-இல் உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். இந்தோஹையஸ் என்ற பெயர் பாடப் புத்தகம்வரை போய்விட்டது. உடைத்தவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவிலும் இந்த இழுபறி இருந்தது. முதுகெலும்பிகளின் தொல்லுயிரியலுக்கான பெரிய கழகம் 1940-இல் தொடங்கியது. பிரிப்பரேட்டர்களும் சேகரிப்புக் காப்பாளர்களும் கூடுகிற ஆண்டுக் கருத்தரங்குத் தொடர் 2008-இல்தான் அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் ஆரம்பித்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் தொல்லுயிரியல் வேலைக்கான பொருட்களுக்கும் முறைகளுக்குமென்று தனிச் சங்கம் வந்தது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே பேச ஆரம்பித்தார்கள். நாம் அதைப் பார்த்துச் சங்கம் ஆரம்பித்துவிட்டு, இப்போது அவர்களையே வாசலில் நிறுத்தப் பார்க்கிறோம்.

நான் ஒரு மாற்றுத் தீர்மானம் எழுதியிருக்கிறேன். பொறுப்புக்கு நிற்கிறவர் பட்டம் பெற்றவரோ இல்லையோ, அண்மைக் காலத்தில் மேசையில் வேலை செய்து சீட்டு எழுதியவராக இருக்க வேண்டும். செயற்குழுவில் பாதி இடம் தற்காலிக ஊழியர்களுக்கு. ஒருவருக்கு ஒரே பொறுப்பு இரண்டு முறைக்கு மேல் கூடாது, எனக்கும் சேர்த்துத்தான். வெளியூர்க் கூட்டத்துக்கு வருகிற தற்காலிக ஊழியருக்கு ரயில் டிக்கெட் சங்கம் எடுக்கும், ஒருநாள் கூலியும் கொடுக்கும். இந்தக் கடைசி வரிக்குத்தான் பொருளாளர் முகம் சுளித்தார். கூலி போய்விடும் என்று வராமல் இருக்கிறவர்களை வைத்துக்கொண்டு ஜனநாயகம் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன், இது பதவி சம்பந்தப்பட்டது இல்லை. தூசி. ஏர் ஸ்கிரைப் மணற்கல்லில் ஓடும்போது பறக்கிற நுண்துகளில் சிலிக்கா இருக்கிறது. நம் மாவட்டத்துக் கல்குவாரி, கிரஷர் வேலைக்காரர்கள் இருமுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம், நாமும் சுவாசிப்பது அதே வகைத் தூசிதான். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில், இந்தத் தூசியால் வருகிற நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் ஆய்வகத்தை யாரும் தொழிற்சாலையாக நினைப்பதில்லை. கம்ப்ரஸர் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள், பக்கத்தில் தூசி உறிஞ்சி வைக்கச் சொன்னால் அடுத்த நிதியாண்டு என்கிறார்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. குறைந்தபட்சம் என்-95 முகக்கவசம், மேசையோடு சேர்ந்த உறிஞ்சி, வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனை, மூன்றும் நிறுவனத்தின் செலவில். இதைக் கேட்டு ஒரு கடித மாதிரி தயாராக இருக்கிறது. வேண்டுகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், தருகிறேன். உங்கள் ஆய்வகத்தின் பெயரைப் போட்டு, தற்காலிக ஊழியர் கையெழுத்தை முதலில் வாங்காமல் நிரந்தர ஊழியர் கையெழுத்தை முதலில் வாங்கி அனுப்புங்கள்.