கீறலை முதல் படத்திலேயே போடுங்கள்

டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்குப் போய்க் காகித இலக்கைச் சுடுவது ஏழு வருடப் பழக்கம். வேட்டைக்குப் போவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பது சரியா, தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. அதில் உங்கள் கருத்து எதுவானாலும் மதிக்கிறேன். பழைய துப்பாக்கியை ஆன்லைனில் விற்கிறவர் மறைக்கிற விஷயங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஏலத் தளத்தில் சிஇசட் 452 ரைஃபிள் ஒன்றைப் பார்த்தேன். செக் நாட்டில் செய்தது, .22 தோட்டா, வால்நட் மரக்கட்டை. அந்த மாடலை இப்போது தயாரிப்பதில்லை, செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். "எக்ஸலன்ட் கண்டிஷன், 200 ரவுண்டுகூடச் சுட்டிருக்காது" என்று எழுதியிருந்தார்கள். எட்டுப் படங்கள். 380 டாலருக்கு ஏலம் எனக்கு முடிந்தது. போஸ்ட் ஆபீஸ் மணியார்டரில் பணம் அனுப்பினேன்.

வேறு மாநிலத்துக்காரரிடம் வாங்கும் துப்பாக்கி நம் வீட்டுக்கு நேராக வராது. மத்திய அரசு லைசென்ஸ் வாங்கிய டீலரின் கடைக்குத்தான் வரும். அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். என்.ஐ.சி.எஸ். என்று எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் நம் பெயர் தேறினால்தான் துப்பாக்கி கைக்கு வரும். 1998 நவம்பரில் இருந்து இதுதான் நடைமுறை.

எங்கள் ஊர் டீலருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெட்டியைப் பிரித்தவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தவே இல்லை. "முதலில் நன்றாகப் பார், அப்புறம் கையெழுத்துப் போடலாம்" என்றார். மரக்கட்டையில் கை பிடிக்கிற ஒல்லியான கழுத்துப் பகுதி இருக்கிறதே, அதன்மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். பழுப்பு மெழுகைத் தேய்த்து அடைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

பிறகு குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்டைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் குழலுக்குள் விட்டார். பழுப்பாக வந்தது. இரண்டாவதும் பழுப்பு. விளக்கை வைத்துப் பார்த்தால், தோட்டா உட்காரும் இடத்தைத் தாண்டியதுமே, குழலுக்குள் சுருளாக ஓடும் புரிகளில் துரு அரித்த கரும்புள்ளிகள். 200 ரவுண்டு சுட்ட குழல் இப்படி ஆகாது. சுட்டுவிட்டு வருடக்கணக்கில் துடைக்காமல் ஈரத்தில் போட்டு வைத்தால்தான் ஆகும்.

அன்று இரவு விளம்பரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கிற ரைஃபிளை யாருமே வலப்பக்கத்தில் இருந்துதான் முதலில் படமெடுப்பார்கள். இவருடைய எட்டுப் படமும் இடப்பக்கத்தில் இருந்து எடுத்தவை. விரிசல் வலப்பக்கம். தெரியாமல் நடந்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்திருக்கிறார்.

மூன்று நாள் பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்று அவரே எழுதியிருந்தார். திருப்புகிறேன் என்றதும், "நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள்" என்றார். கையெழுத்துப் போடாததால்தான் எனக்குப் பேச இடம் இருந்தது. படிவத்தை நிரப்பித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாகத்தான் பல விற்பனையாளர்கள் கணக்கு வைப்பார்கள். பன்னிரண்டு நாள் மெயில் போய் மெயில் வந்து, கடைசியில் 90 டாலரைத் திருப்பித் தந்தார். அலுத்துப்போய் ஒப்புக்கொண்டேன்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த "எக்ஸலன்ட்" என்ற வார்த்தைதான் இன்னமும் உறுத்துகிறது. இந்த நாட்டில் பழைய துப்பாக்கியின் நிலையைச் சொல்ல என்.ஆர்.ஏ. என்ற தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தரப் பெயர்கள் உண்டு. எக்ஸலன்ட் என்றால் கொஞ்சமே பயன்படுத்தியது, மரத்திலோ இரும்பிலோ கண்ணில் படும் சேதம் இருக்கக் கூடாது. வெரி குட் என்றால் சின்னச் சின்னக் கீறல் இருக்கலாம், துரு அரிப்பு கூடாது. குட் என்றால் பத்திரமாக வேலை செய்ய வேண்டும், உடைந்த பாகம் இருக்கக் கூடாது, துரு அரிப்பு இருந்தாலும் வேலையைக் கெடுக்கக் கூடாது. அதற்கும் கீழே இருக்கிற ஃபேர் நன்றாகத் தேய்ந்தது, துரு அரித்த குழிகள் இருக்கலாம், அதுவும் ஆபத்தில்லாத அளவுக்கு. இத்தனை தெளிவாகப் பொருள் இருக்கிற வார்த்தையை இஷ்டத்துக்குப் போட்டால், முன்பின் பார்க்காத மனிதரிடம் வாங்குகிறவன் எதை நம்புவான்?

பழைய போனில் பேட்டரி போயிருந்தால் சார்ஜர் தேடுவோம், அவ்வளவுதான். துப்பாக்கி நம் கன்னத்துக்கு இரண்டு அங்குலத்தில் வெடிக்கிற பொருள். டிரிகரை யாரோ வீட்டில் அராவி லேசாக்கியிருந்தால், தரையில் தட்டினாலே சுடலாம். இலவசம் என்று ஒரு பை நிறைய வீட்டில் அடைத்த தோட்டாக்களைச் சேர்த்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு வெடிமருந்து என்று அனுப்பியவருக்கே நினைவிருக்காது. அதைச் சுடாதீர்கள். ரேஞ்சில் கேட்டால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.

போன வருடம் என் முறை வந்தது. என்னிடம் இருந்த பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வரை விற்க நினைத்தேன். சுத்தியலை மெதுவாக இழுத்தால், ஆறு அறைகளில் ஒன்று மட்டும் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. வேகமாக இழுத்தால் தெரியாது. அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காவிட்டால் குண்டின் ஓரத்தில் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். அந்த அறைக்கு நேரே கறுப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அதைத்தான் முதல் படமாகப் போட்டேன். மெதுவாக இழுத்துக் காட்டும் வீடியோவையும் சேர்த்து, விலையில் 75 டாலர் குறைத்தேன். மூன்று வாரம் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒக்லஹோமாவில் இருந்து துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவர் கூப்பிட்டார். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "புள்ளி வைத்த அறை மட்டும்தானா, பக்கத்து அறையும் அப்படியா?" என்று கேட்டார். நான் போனை வைக்காமலே எடுத்துப் பார்த்துச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். டீலர் மூலம் அனுப்பி வைத்தேன்.

அந்த மூன்று வாரத்தில் வேறொரு செய்தியும் வந்தது. இதே மாநிலத்து ஆள். "டீலர் எதற்கு? பார்க்கிங்கில் சந்திப்போம். ரொக்கம், சொன்ன விலைக்கு மேல் 100 டாலர்." டெக்சாஸில் ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும்போது சோதனை கட்டாயமில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ போன்ற மாநிலங்களில் அதற்கும் கட்டாயம். எங்கள் டீலர் 30 டாலர் வாங்கிக்கொண்டு சோதனை செய்து தருவார், அந்தப் பணத்தை நானே கட்டுகிறேன் என்று பதில் போட்டேன். அப்புறம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, அதனால்தான் கொடுக்கவில்லை.

2012 அக்டோபரில் விஸ்கான்சினில் நடந்ததை மறக்க முடியவில்லை. மனைவியை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் ஒருவனுக்கு உத்தரவு போட்டிருந்தது. துப்பாக்கி வாங்கவும் அவனுக்குத் தடை. டீலரிடம் போனால் சோதனையில் மாட்டியிருப்பான். ஆர்ம்ஸ்லிஸ்ட் தளத்தில் விளம்பரம் பார்த்து ஒரு தனிநபரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினான். அடுத்த நாளே புரூக்ஃபீல்டில் மனைவி வேலை பார்த்த ஸ்பாவுக்குப் போய் அவரையும் இன்னும் இரண்டு பெண்களையும் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். அந்த மனைவியின் மகள் போட்ட வழக்கில், தளத்தின் மீது பொறுப்பு சுமத்த முடியாது என்று 2019இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அந்த இடத்தில் கையை விரித்துவிட்டது என்றால், மிச்சம் இருப்பது விற்கிறவரின் மனசாட்சிதான். அந்த விற்பனையாளரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் தூக்கம் வராது.

இந்த முகநூலிலும் 2016 ஜனவரியில் இருந்து தனிநபர் துப்பாக்கி விற்பனைக்குத் தடை. அதனால் தயவுசெய்து யாரும் இன்பாக்ஸில் விலை கேட்காதீர்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. நானே கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்குள் காலடி வைத்தேன். பொங்கல் சமயத்தில் நெருங்கிய நண்பன் ஒருவன் கேட்டான்: "உன் பேரில் ஒன்று வாங்கிக் கொடுடா, பணம் இப்பவே அனுப்புகிறேன்." அவன் விசா ஹெச்1பி, விதிவிலக்கு எதுவும் கிடையாது. முடியாது என்றேன். "ஒரு கையெழுத்துத்தானே, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்பட்டான்.

வர்ஜீனியாவில் போலீஸில் இருந்த ஒருவர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்று தன் மாமாவுக்காக ஒரு குளோக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா முன்கூட்டியே அனுப்பிய 400 டாலர் செக்கிலேயே இன்ன துப்பாக்கிக்கு என்று எழுதியிருந்தது. மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை எதுவும் இல்லை. இருந்தும், உண்மையில் வாங்குவது தான்தான் என்று 4473இல் எழுதியது பொய் என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2022 சட்டத்தின்படி தடை உள்ளவருக்காக வாங்கிக் கொடுத்தால் 15 வருடம் வரை சிறை. இதையெல்லாம் நண்பனுக்கு உட்கார்ந்து விளக்கினேன். அவன் காதில் ஏறவில்லை.

அவனை நம்பாமல் இல்லை. என் பிள்ளைகளை அவன் வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறேன். அந்தக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று "முதலில் பார்" என்று என் விரலைப் பிடித்துக் காட்டிய மனிதரிடம் பொய்க் கையெழுத்துப் போட என்னால் முடியாது. அவ்வளவுதான்.

மூன்று மாதமாக அவன் பேசவில்லை. கிரீன் கார்டு வந்த அன்றே அந்தக் கடைக்கு நானே கூட்டிப் போகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.