கீறலைக் கண்டதும் நரமாமிசம் என்று எழுதிவிடலாமா?

2023 ஜூன் மாதத்தில், கென்யாவில் கிடைத்த ஏறத்தாழ 14.5 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு கால் எலும்பைப் பற்றிய ஆய்வு வெளியானது. நம் மூதாதையர் ஒருவரையொருவர் தின்றார்கள் என்று பல செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. ஆய்வுக் கட்டுரையோ அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தக் கால் எந்த மனித இனத்துக்கு உரியது, அறுத்தது எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் அதை, தன் இனத்தையே தின்னும் நரமாமிசம் என்று சொல்ல இயலாது என்பதே ஆய்வாளர்களின் நிலைப்பாடு. அவர்கள் காட்டிய நிதானத்தில் பாதியையாவது செய்தி எழுதுவோர் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த ஆய்வு நடந்த விதமே கவனிக்கத்தக்கது. ஆய்வை நடத்திய தொல்மானிடவியலாளர் பிரியானா போபினர் நைரோபி அருங்காட்சியகத்தில் தேடிக்கொண்டிருந்தது, ஆதிமனித எலும்புகளில் கொடிய விலங்குகளின் பற்தடங்களை. கண்ணில் பட்டவையோ, கெண்டைக்கால் தசை எலும்பைப் பற்றும் இடத்தில் ஒரே திசையில் ஓடிய கீறல்கள். பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பசையால் அவற்றை வார்த்து, அவை என்ன என்பதைச் சொல்லாமலேயே சக ஆய்வாளர் மைக்கேல் பான்டேவுக்கு அனுப்பினார். அவர் அந்த 11 தடங்களின் முப்பரிமாண வடிவத்தை, சோதனைகளில் உண்டாக்கிப் பதிவு செய்த 898 தடங்களோடு ஒப்பிட்டார். ஒன்பது கல் கருவியால் ஆனவை; இரண்டு, பெரும்பாலும் சிங்கத்தின் பற்தடங்கள். வெட்டும் கடியும் எங்கும் ஒன்றன்மேல் ஒன்று விழாததால், முதலில் வந்தது மனிதக் கையா சிங்கமா என்பதைச் சொல்ல வழியில்லை.

கல் சில்லால் அறுத்த தடம் பெரும்பாலும் ‘வி’ வடிவில் குறுகி இறங்கும். அதன் உட்சுவரில் நுண்ணிய கோடுகள் இணையாக ஓடும். பற்தடம் அகன்று மழுங்கியிருக்கும். மண்ணில் கிடந்த எலும்பை விலங்குகள் மிதித்தாலும், மணல் துகள் உராய்ந்து வெட்டைப் போன்ற கீறல் விழும். அவை ஆழமின்றித் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடப்பது வழக்கம். எனினும் வடிவத்தைவிட இடமே எனக்கு வலுவான சாட்சியாகப் படுகிறது. ஆட்டுக்கறிக் கடைக்காரர் எலும்பின் நடுவில் காரணமின்றிக் கத்தியை இழுப்பதில்லை. மூட்டைப் பிரிக்க ஓரிடம், சதையை வழிக்க ஓரிடம், நல்லியை உடைக்க ஓரிடம் என்று அவர் கைக்குக் கணக்கு உண்டு.

ஆகவேதான், மனித எலும்பை மட்டும் தனியே வைத்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது, அதே இடத்தில் கிடைத்த விலங்கு எலும்புகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன். பிரான்சின் மூலா-கெர்சி குகையைப் பற்றி 1999இல் வெளிவந்த ஆய்வு அதைத்தான் செய்தது. அங்கே, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதரின் எலும்புகளும் மான் எலும்புகளும் ஒரே முறையில் அறுக்கப்பட்டு, மஜ்ஜைக்காக ஒரே முறையில் உடைக்கப்பட்டிருந்தன. அந்த இடத்தில் நரமாமிசம் என்ற முடிவை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. குரோவேசியாவின் கிராபினாவில் நிலைமை வேறு. 1900ஐ ஒட்டி அகழ்ந்த காலத்திலேயே நரமாமிசம் என்று பேசப்பட்ட அங்குள்ள நியாண்டர்தால் எலும்புகளை, இறைச்சிக்காக அறுத்த விலங்கு எலும்புகளோடும், இறந்தோரின் சதையை நீக்கி எலும்புகளை மறுபடி அடக்கம் செய்த ஓர் அமெரிக்கப் பழங்குடி இடுகாட்டின் எலும்புகளோடும் மானிடவியலாளர் மேரி ரஸ்ஸல் ஒப்பிட்டார். 1987இல் அவர் வெளியிட்ட முடிவு, கிராபினாக் கீறல்கள் இரண்டாவதையே ஒத்தவை என்பது. எல்லோரும் அதை ஏற்கவில்லை, ஆயினும் ஒப்பீடு இல்லாமல் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தின்றார்களா, ஈமச்சடங்கு செய்தார்களா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதும் சில இடங்களில் பொருந்துவதில்லை. இங்கிலாந்தின் சோமர்செட்டில் உள்ள காஃப் குகையில், சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் மண்டையோடுகளின் சதையை முழுவதும் நீக்கி, விளிம்பைத் தட்டிச் சீராக்கிக் கிண்ணங்களாக்கினார்கள். அதே குகையின் மனித எலும்புகளில் மனிதப் பற்தடங்களும் உண்டு. 2017இல் விவரிக்கப்பட்ட ஒரு முன்கை எலும்பில் வரிசை தெளிவாகத் தெரிகிறது: முதலில் சதையை வழித்திருக்கிறார்கள், பிறகு கோணல் கோணலாக மடிந்து செல்லும் கோடுகளைப் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதன் பின்னரே மஜ்ஜைக்காக எலும்பை உடைத்திருக்கிறார்கள். இதை வெறும் பசி என்று என்னால் எழுத இயலவில்லை. உடைத்த எலும்பையும் பற்தடங்களையும் பார்த்த பிறகு, வெறும் சடங்கு என்றும் எழுத இயலவில்லை.