600 எஃப்/4 இரண்டு கிலோவில் வருமா? காப்புரிமை அட்டவணையைப் படியுங்கள்

புது லென்ஸ் காப்புரிமை ஒன்று வெளியானால் போதும், "இனி 600 எஃப்/4 ரெண்டே கிலோ" என்று பதிவுகள் வரிசைகட்டுகின்றன. (600 மி.மீ. குவியத்தூரமும் 4 என்ற எஃப் எண்ணும் கொண்ட, தொலைவில் இருப்பதை எடுக்கும் பெரிய கேமரா லென்ஸ் அது.) காப்புரிமையில் எடை என்று ஒரு வரி இருக்காது. ஆனால் எடையை ஊகிக்க வேண்டியது எல்லாம் அதன் எண் அட்டவணையில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமலே பேசுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுங்கள். 600 எஃப்/4 என்றால் 150 மி.மீ. 600 எஃப்/6.3 என்றால் 95 மி.மீ. முன் கண்ணாடியின் விட்டம் இதற்குக் கீழே போகவே முடியாது. எந்த உத்தியும் இங்கே செல்லாது. 150 மி.மீ. விட்டத்துக்குச் சராசரி 10 மி.மீ. தடிமன் வைத்தாலே 177 கன செ.மீ. ஆகிறது. சாதாரண கிரவுன் கண்ணாடியில் அது சுமார் 440 கிராம், ஃப்ளோரைட் படிகத்தில் 560, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் இ.டி. கண்ணாடியில் 640 வரை. இது ஒரே ஒரு கண்ணாடியின் கணக்கு. மீதிக் கண்ணாடிகள், குழல், மோட்டார், அதிர்வு தடுக்கும் பகுதி எல்லாம் இதற்கு மேல்.

அடுத்து, கண்ணாடிகளுக்கு இடையிலான தூரங்களைப் பாருங்கள். முதல் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய காற்றிடைவெளி இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஒளிக்கற்றை ஒடுங்கிய பிறகு வரும் கண்ணாடிகள் சிறியவை. விட்டமும் தடிமனும் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்குதான். கேனான் 400 எஃப்/2.8 லென்ஸ் 2018இல் 3850 கிராமிலிருந்து 2840க்கு இறங்கியதில், கனமான கண்ணாடிகளைப் பின்னுக்குத் தள்ளிய இந்த வழிக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே கண்ணாடி வகையையும் கவனியுங்கள்: ஒளிவிலகல் எண் 1.4339 என்றால் ஃப்ளோரைட், 1.4388 என்றால் உயர்ரக இ.டி.

வளைய வளையமாக நுண்பள்ளங்கள் பதித்த கண்ணாடியை (கேனானில் டி.ஓ., நிக்கானில் பி.எஃப். என்று பெயர்) பலரும் மந்திரக்கோலாகப் பார்க்கிறார்கள். அது நிறங்களைச் சாதாரணக் கண்ணாடிக்கு நேர் எதிராகப் பிரிப்பதால் லென்ஸைக் குட்டையாக்க முடிகிறது. நிக்கான் 300 எஃப்/4 அப்படித்தான் 1440 கிராமிலிருந்து 2015இல் 755 கிராமானது. அதற்கு ஒரு குறையும் உண்டு: பிரேமுக்குள் வலுவான விளக்கோ சூரியனோ இருந்தால் அதைச் சுற்றி வண்ண வளையம் விழக்கூடும். ஆனால் சிக்மாவின் 500 எஃப்/5.6 (2024) இந்தக் கண்ணாடி இல்லாமலே 1370 கிராமுக்குள் வந்துவிட்டது. நிக்கானின் 500 எஃப்/5.6 பி.எஃப். 1460 கிராம். என்னைக் கேட்டால், இனி டி.ஓ. காப்புரிமைகளைவிட இந்தப் பாதையைத்தான் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

காப்புரிமை விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதம் கழித்தே வெளியே தெரியும். ஒன்றிலேயே நாலைந்து வடிவமைப்புகள் இருக்கும், பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றுவிடும். காப்புரிமை என்ன, 2015இல் கேனான் 600 எஃப்/4 டி.ஓ. மாதிரியைக் கண்காட்சியிலேயே வைத்தது. அதுவும் கடைக்கு வரவில்லை.

இன்றைய 600 எஃப்/4களில் கேனான் ஆர்.எஃப். 3090 கிராம், சோனி 3040. இதில் இன்னும் சில நூறு கிராம் குறையலாம், இரண்டு கிலோவை நான் நம்பவில்லை. எஃப்/5.6, எஃப்/6.3 வகையில்தான் எடை இன்னும் நன்றாக இறங்கும். பறவைப் படத்துக்குக் கையில் பிடித்து எடுப்பவர்கள் எதிர்பார்க்க வேண்டியது அங்கேதான்.